"அம்மா, ஒண்ணு சொல்லட்டுமா?"

ஆனிப் பௌர்ணமி வந்துவிட்டால் காரைக்காலில் எங்கள் வீடு வீடாக இருக்காது, சத்திரமாகி விடும். மாங்கனித் திருவிழா அல்லவா! பிட்சாடனர் வீதியுலா வரும் வழியில் எங்கள் வீடு. மாடியில் நின்று மாம்பழம் இறைக்க வேண்டுமென்று திருநள்ளாறு, நெடுங்காடு, திருமலைராயன்பட்டினம் என்று சுற்றுப்பட்டு உறவெல்லாம் வந்து இறங்கும். கூடத்தில் பாய் விரித்தால் கால் வைக்க இடம் இருக்காது.

சென்ற வருஷத் திருவிழாவில் நடந்தது இது. உறவில் பெரியவர் ஒருவர் வந்திருந்தார். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். நாற்காலியில் சாய்ந்தபடி என் ஆறு வயதுப் பேத்தியைக் கூப்பிட்டார்.

"வாடி ராஜாத்தி, தாத்தா மடியில வந்து உக்காரு. ஒரு முத்தம் குடு, மாம்பழம் தர்றேன்."

குழந்தை என் புடவைத் தலைப்பைப் பிடித்துக் கொண்டு பின்னால் ஒதுங்கிற்று. கூடத்தில் இருந்த நாலைந்து பேர் ஒரே குரலில், "போடி, தாத்தாதானே! என்ன வெக்கம்?" என்றார்கள். என் மருமகள் குழந்தையின் தோளைப் பிடித்து லேசாக முன்னால் தள்ளினாள்.

"அவளுக்கு வேண்டாம்னா விட்டுடும்மா. தாத்தாவுக்கு ஒரு வணக்கம் சொல்லட்டும், போதும்" என்றேன் நான்.

கூடத்தில் சட்டென்று பேச்சு நின்றது. பெரியவரின் முகம் சுருங்கிப் போயிற்று. நல்ல மனிதர்தான் அவர்; அவர் மேல் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. ஆனாலும் சொல்ல வேண்டியிருந்தது.

ராத்திரி எல்லோரும் படுத்த பிறகு மாடியில் காற்றாட உட்கார்ந்திருந்தோம். மருமகள் கேட்டாள்: "ஏன் அத்தை அப்படிச் சொன்னீங்க? அவர் மனசு சங்கடப்பட்டிருக்குமே!"

ஐம்பது வருஷத்துக்கும் மேலாக யாரிடமும் சொல்லாத ஒன்றை அன்று அவளிடம் சொன்னேன். இப்போது உங்களிடமும் சொல்கிறேன்.

வாயை மூடு!

அப்போது எனக்கு ஒன்பது வயது. அப்பாவின் கடைக் கணக்கை எழுத ஒருவர் வீட்டுக்கு வந்து போவார். எங்களுக்கெல்லாம் அவர் 'மாமா'. வரும்போது கையில் கமர்கட்டோ பொரி உருண்டையோ இல்லாமல் வர மாட்டார். பெரியவர்கள் அவரைப் புகழாத நாள் கிடையாது. திண்ணையை ஒட்டிய சின்ன அறையில் உட்கார்ந்து கொண்டு, "பாப்பா, அந்தப் பேரேட்டை எடுத்துட்டு வா" என்று என்னைக் கூப்பிடுவார்.

அந்த அறையில் அவர் என்னிடம் நடந்து கொண்ட விதம் தப்பு என்று என் உடம்புக்குத் தெரிந்தது. ஆனால் அதைச் சொல்ல என்னிடம் வார்த்தை இல்லை. "அம்மாகிட்ட சொல்லாதே. சொன்னா உன்னைத்தான் அடிப்பாங்க" என்று அவர் சொல்லி வைத்திருந்தார்.

ஒரு நாள் தைரியத்தை வரவழைத்துக் கொண்டு கொல்லைப் பக்கம் போனேன். அம்மா மீன் ஆய்ந்து கொண்டிருந்தாள்.

"அம்மா, ஒண்ணு சொல்லட்டுமா? அந்த மாமா இனிமே வர வேணாம்மா."

"ஏண்டி?"

"கையைப் பிடிச்சு இழுக்கறார். எனக்குப் பிடிக்கலே."

அம்மாவின் கை அப்படியே நின்றது. அவளுக்குப் புரிந்து விட்டது என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். ஆனால் அவள் சொன்னது, "பெரியவங்களைப் பத்தி அப்படியெல்லாம் பேசக் கூடாது. வாயை மூடு. அப்பா காதுல விழுந்தா என்ன ஆகும் தெரியுமா?"

அவ்வளவுதான். மூடிய வாயை நான் மறுபடி திறக்கவில்லை. அவர் இன்னும் ஒரு வருஷம் வந்து போய்க் கொண்டிருந்தார். வாசலில் அவர் செருப்புச் சத்தம் கேட்டாலே கிணற்றடிக்கு ஓடி ஒளிந்து கொள்வேன். "கூப்பிட்டா வர மாட்டேங்கறா, திமிரு" என்று அதற்கும் அடி வாங்கினேன்.

அம்மா மேல் எனக்கு இன்று கோபம் இல்லை. அவளுக்கும் யாரும் எதுவும் சொல்லித் தரவில்லை. குடும்ப மானம் போய்விடும் என்று பயந்தாள். ஆனால் ஒன்று சொல்கிறேன். அந்த ஆள் செய்தது ஒரு காயம் என்றால், சொல்லியும் பலனில்லாமல் போனது இன்னொரு காயம். ஆறுவதற்கு அதிக நாளானது இரண்டாவதுதான்.

எங்கள் ஊர்ப் புனிதவதியின் கதை உங்களுக்குத் தெரியாததா? கணவர் பரமதத்தர் கொடுத்தனுப்பிய இரண்டு மாங்கனிகளில் ஒன்றை அடியாருக்கு இட்டு விட்டார். கணவர் இரண்டாவதையும் கேட்க, இறைவன் அருளால் வந்த கனியைப் பரிமாறினார். ருசி வேறாக இருக்கிறதே என்று கேட்ட கணவரிடம் நடந்ததை மறைக்காமல் சொன்னார். அவரோ நம்பவில்லை. நிஜமானால் இன்னொரு கனி வரவழைத்துக் காட்டு என்றார்! உண்மையைச் சொன்னவளிடம் சாட்சி கேட்டார். புனிதவதியின் கையில் இன்னொரு கனி வந்தது. நம் குழந்தைகளின் கையில் வந்து விழ எந்தக் கனியும் இல்லை. அவர்களிடம் இருப்பது ஒரு சொல் மட்டுமே. அதை நாம் நம்ப வேண்டும்.

முகம் தெரிந்தவர்கள்

'பிள்ளை பிடிப்பவன் வருவான், அந்நியரிடம் பேசாதே' என்று குழந்தையைப் பயமுறுத்துகிறோம். ஆனால் பெரும்பாலும் தொல்லை வருவது அந்நியரிடமிருந்து அல்ல.

மத்திய அரசின் பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007-ல் ஓர் ஆய்வு வெளியிட்டது. 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் கேட்டார்கள். ஏதோ ஒரு வகைப் பாலியல் தொல்லைக்கு ஆளானதாக 53 சதவிகிதத்துக்கும் மேலான குழந்தைகள் சொன்னார்கள். தொல்லை கொடுத்தவர்களில் பாதிப் பேர் குழந்தைக்குத் தெரிந்தவர்கள், நம்பிக்கைக்குரிய இடத்தில் இருந்தவர்கள். பெரும்பாலான குழந்தைகள் அதை யாரிடமும் சொல்லவே இல்லை.

2018 ஜூலையில் சென்னை அயனாவரத்தில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில், செவித்திறன் குறைந்த 11 வயதுச் சிறுமிக்கு நடந்த கொடுமை வெளியே வந்தது. 17 பேர் கைதானார்கள். காவலாளி, லிப்ட் இயக்குபவர் என்று தினம் பார்த்துப் பழகிய முகங்கள்! மாதக் கணக்கில் நடந்தது. அந்தக் குழந்தை கடைசியில் தன் அக்காவிடம் சொன்னாள். அக்கா நம்பினாள். அதனால்தான் விஷயம் வெளியே வந்தது. 2020 பிப்ரவரியில் 15 பேர் குற்றவாளிகள் என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

நம் புதுச்சேரியிலேயே 2024 மார்ச்சில் முத்தியால்பேட்டையில் ஒன்பது வயதுச் சிறுமியை இழந்தோம். அந்த வழக்கில் கைதானவர்களும் அதே பகுதியில் வசித்தவர்கள்தான்.

இதெல்லாம் நம் நாட்டில் மட்டும் என்று நினைக்காதீர்கள். காரைக்காலில் எத்தனையோ குடும்பங்களுக்குப் பிரான்சில் உறவு உண்டு. அந்த நாட்டு அரசு 2021-ல் இதற்கென்றே ஓர் ஆணையம் அமைத்தது. வருஷத்துக்கு 1,60,000 குழந்தைகள் அங்கே பாலியல் கொடுமைக்கு ஆளாகிறார்கள் என்பது ஆணையத்தின் கணக்கு. சிறு வயதில் பாதிக்கப்பட்டுப் பேசாமலே இருந்த ஆயிரக்கணக்கானவர்கள் ஆணையத்திடம் மனம் திறந்தார்கள். 2023 நவம்பரில் வந்த அறிக்கைக்கு வைத்த தலைப்பு என்ன தெரியுமா? 'உங்களை நம்புகிறோம்' என்பதுதான். அதைப் படித்தபோது எனக்குக் கண் கலங்கி விட்டது.

வார்த்தை கொடுங்கள்

"சரி அத்தை, இவ்வளவு சின்னக் குழந்தைகிட்ட இதையெல்லாம் எப்படிப் பேசறது?" என்றாள் மருமகள். நீங்களும் அதைத்தானே கேட்கிறீர்கள்? பயப்பட வேண்டாம். ஒரு நாள் உட்கார வைத்துப் பிரசங்கம் செய்கிற காரியம் அல்ல இது. குளிப்பாட்டும்போது, உடுத்தி விடும்போது, தலை பின்னும்போது கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னால் போதும்.

முதலில் பெயர். கண், மூக்கு, காது என்று சொல்லிக் கொடுக்கிறோம். வயிற்றுக்குக் கீழே வந்ததும் 'சீ, ஷேம் ஷேம்' என்கிறோம். அந்த இடத்தைப் பற்றிப் பேசவே கூடாது என்று குழந்தை அப்போதே தெரிந்து கொள்கிறது. மார்பு, பிட்டம், பிறப்புறுப்பு என்று இரண்டு மூன்று வயதிலேயே சாதாரணமாகச் சொல்லித் தாருங்கள். வீட்டில் செல்லமாக ஒரு பெயர் இருக்கலாம். ஆனால் டீச்சருக்கும் டாக்டருக்கும் புரிகிற பெயரும் குழந்தைக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அடுத்தது ஒரு சின்ன விதி. "ஜட்டியும் பனியனும் மறைக்கிற இடம், அப்புறம் வாய். இதெல்லாம் உனக்கு மட்டும் சொந்தம். வேற யாரும் தொடக் கூடாது. அவங்களுடையதைத் தொடச் சொல்லவும் கூடாது. போன்ல அந்த மாதிரிப் படம் காட்டவோ, உன்னைப் படம் எடுக்கவோ கூடாது." குளிப்பாட்டும்போது அம்மாவும், அம்மா கூட இருக்கும்போது டாக்டரும் தொடலாம் என்று விலக்கையும் சொல்லி விடுங்கள்.

'நல்ல தொடுதல், கெட்ட தொடுதல்' என்று மட்டும் சொன்னால் குழந்தைக்குக் குழப்பம் வரும். ஊசி வலிக்கிறது, ஆனால் நல்லது. கெட்ட எண்ணத்தோடு தொடுகிறவன் வலிக்கும்படி தொட வேண்டும் என்பதில்லை; கிச்சுக்கிச்சு மூட்டுவான், மிட்டாய் கொடுப்பான். அதனால் 'பாதுகாப்பான தொடுதல், பாதுகாப்பில்லாத தொடுதல்' என்று சொல்லி, எந்த இடம், என்ன விதி என்பதைத் தெளிவாக்குவது நல்லது.

மூன்றாவது, ரகசியம். அப்பா பிறந்த நாளுக்குச் சட்டை வாங்கி ஒளித்து வைத்தால் அது ரகசியம் இல்லை, வேடிக்கை. நாலு நாளில் எல்லோருக்கும் தெரியப் போகிறது. 'யாரிடமும் எப்போதும் சொல்லாதே' என்பதுதான் ஆபத்தான ரகசியம். "'அம்மாகிட்ட சொல்லாதே'ன்னு யார் சொன்னாலும், அதைத்தான் அம்மாகிட்ட முதல்ல சொல்லணும்" என்று பழக்குங்கள். என்னிடம் அந்த ஒரு வாக்கியத்தை யாராவது சொல்லியிருந்தால்!

நான்காவது, ஐந்து விரல். ஒவ்வொரு விரலுக்கும் நம்பிச் சொல்லக்கூடிய ஒரு பெரியவரைக் குழந்தையே தேர்ந்தெடுக்கட்டும். அம்மா, அப்பா, அப்பாயி, அத்தை, டீச்சர் என்று எண்ணட்டும். "ஒருத்தர் கேக்கலேன்னா அடுத்த விரல்கிட்டப் போ. கேக்கற வரைக்கும் சொல்லு" என்று சொல்லுங்கள். என் பேத்தி கட்டை விரலை எனக்குக் கொடுத்திருக்கிறாள்!

ஐந்தாவது, வேண்டாம் என்று சொல்கிற உரிமை. 'பெரியவங்க சொன்னா கேக்கணும்' என்று வளர்க்கிறோம். அதில் தப்பில்லை. ஆனால் தன் உடம்பு விஷயத்தில் குழந்தை மறுத்தால் அது மரியாதைக் குறைவு ஆகாது. முத்தம் கொடுக்கப் பிடிக்கவில்லையா, கை கூப்பட்டும். நல்ல தாத்தாக்களுக்கு அது புரியும்.

பையன்தானே என்று இருக்காதீர்கள்

பெண் குழந்தைக்குத்தான் இந்தக் கவலை என்று நினைப்பவர்கள் உண்டு. மேலே சொன்ன 2007-ஆம் வருஷத்து ஆய்வில், தொல்லைக்கு ஆளானதாகச் சொன்ன குழந்தைகளில் பாதிக்கு மேல் ஆண் பிள்ளைகள்! 'ஆம்பளைப் புள்ளை அழலாமா?' என்கிற நம் பேச்சு அவர்கள் வாயை இன்னும் இறுக்கமாக அடைத்து விடுகிறது. பெண்ணுக்குச் சொல்லித் தருகிற அத்தனையும் பையனுக்கும் வேண்டும்.

குழந்தை சொல்லாமலே சில சமயம் அதன் நடத்தை சொல்லும். நின்று போன படுக்கை நனைப்பு மறுபடி தொடங்குவது, ஒரு வீட்டுக்கோ டியூஷனுக்கோ போக மாட்டேன் என்று அடம் பிடிப்பது, ஒருவரைக் கண்டால் ஒடுங்குவது, அந்த இடத்தில் வலி, சிறுநீர் போகும்போது எரிச்சல், யார் கொடுத்தது என்று சொல்ல முடியாத பொருள்கள், வயதுக்கு மீறிய பேச்சு. இவற்றுக்கு வேறு காரணங்களும் இருக்கலாம். உடனே பதற வேண்டாம். ஆனால் "திமிரு" என்று தள்ளி விடவும் வேண்டாம். எந்த அறிகுறியும் காட்டாத குழந்தைகளும் உண்டு. அதனால்தான் தினசரிப் பேச்சு முக்கியம். பள்ளி விட்டு வந்ததும் "ஹோம் ஒர்க் என்ன?" என்று மட்டும் கேட்காமல், "இன்னிக்கு உனக்குப் பிடிச்சது எது, பிடிக்காதது எது?" என்றும் கேளுங்கள்.

சொல்லி விட்டால்...

அந்த நேரம் வராமலே இருக்கட்டும். வந்தால், முதல் ஐந்து நிமிஷம் நம் முகத்தில்தான் இருக்கிறது எல்லாம். கத்தாதீர்கள், தலையில் அடித்துக் கொள்ளாதீர்கள். "நீ சொன்னது ரொம்ப நல்லது. உன் மேல தப்பே இல்ல. நான் உன்னை நம்பறேன், பார்த்துக்கறேன்" என்று சொல்லுங்கள். "ஏன் அங்க போனே? அப்பவே ஏன் சொல்லலே?" என்று கேட்கவே கூடாது. திரும்பத் திரும்பத் துருவவும் வேண்டாம். 'யாரிடமும் சொல்ல மாட்டேன்' என்று வாக்குக் கொடுத்து விடாதீர்கள், காப்பாற்ற முடியாது.

அந்த ஆளிடமிருந்து குழந்தையை உடனே விலக்குங்கள். சமீபத்தில் நடந்தது என்றால் குளிப்பாட்டாமல், போட்டிருந்த உடையைத் துவைக்காமல் மருத்துவமனைக்குக் கூட்டிச் செல்லுங்கள். அரசு மருத்துவமனையோ தனியாரோ, உடனடிச் சிகிச்சையை இலவசமாகத் தர வேண்டும். 'போலீஸ் கடிதம் கொண்டு வா' என்று திருப்பி அனுப்பக் கூடாது. பெண் குழந்தையைப் பெண் மருத்துவர்தான் பரிசோதிக்க வேண்டும். நீங்கள் கூடவே இருக்கலாம்.

குழந்தைகளுக்கான உதவித் தொலைபேசி எண் 1098. 1996-ல் மும்பையில் தொடங்கிய சேவை. இன்று அரசே நடத்துகிறது. ராப்பகல் எந்நேரமும் பேசலாம், கட்டணம் இல்லை. அவசரம் என்றால் 112.

போக்சோ சட்டம் 2012 நவம்பர் 14 முதல் நடைமுறையில் இருக்கிறது. 18 வயதுக்குட்பட்ட ஆண், பெண் இருபாலருக்கும் பொருந்தும். போலீஸ் ஸ்டேஷன் படி ஏற வேண்டுமே என்று பயப்படுகிறவர்கள் இதைக் கவனியுங்கள். குழந்தையின் வாக்குமூலத்தை வீட்டிலோ, குழந்தை விரும்பும் இடத்திலோ பதிவு செய்ய வேண்டும். கூடிய வரை பெண் அதிகாரி வர வேண்டும்; சீருடையில் வரக் கூடாது. இரவில் குழந்தையை ஸ்டேஷனில் வைத்திருக்கக் கூடாது. கோர்ட்டில் குற்றவாளியின் முகத்தில் விழிக்க வேண்டியதில்லை. குழந்தையின் பெயரோ, படமோ, பள்ளியோ எந்தப் பத்திரிகையிலும் வரக் கூடாது. மானம் போய்விடும் என்று என் அம்மா பயந்தாளே, அந்தப் பயத்துக்குச் சட்டம் இன்று பதில் வைத்திருக்கிறது. அது மட்டும் அல்ல. தெரிந்தும் புகார் செய்யாமல் மறைப்பது பெரியவர்களுக்குக் குற்றம்.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஒரு சந்தேகம் வரும். நாலா பக்கமும் கொஞ்ச தூரம் போனால் ஒன்று தமிழ்நாட்டு எல்லை, இல்லையென்றால் கடல். நாகூர் கந்தூரிக்குப் போன இடத்தில் ஒன்று நடந்தால் புகாரை எங்கே கொடுப்பது? எங்கே நடந்திருந்தாலும் உங்களுக்கு அருகிலுள்ள ஸ்டேஷனிலேயே கொடுக்கலாம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம் இதைத் தெளிவாகவே சொல்கிறது. வாங்கிக் கொண்டு உரிய இடத்துக்கு அனுப்ப வேண்டியது அவர்கள் பொறுப்பு.

கட்டை விரல்

அன்று மாடியில் நான் பேசி முடித்தபோது மருமகள் ஒன்றும் சொல்லவில்லை. என் கையைப் பிடித்துக் கொண்டு வெகு நேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு, "நானும் தள்ளி விட்டேனே அத்தை" என்றாள். "தெரியாமத்தானேம்மா செஞ்சே. இனிமே தள்ளாதே, அவ்வளவுதான்" என்றேன்.

மறுநாள் காலை ஊருக்குக் கிளம்பிய பெரியவர் வாசலில் நின்று, என் பேத்தியைப் பார்த்து இரண்டு கையையும் கூப்பி, "போயிட்டு வர்றேன் ராஜாத்தி, வணக்கம்" என்றார். குழந்தை கலகலவென்று சிரித்து விட்டுப் பதிலுக்குக் கை கூப்பியது. ஒரு மாம்பழத்தையும் ஓடி எடுத்து வந்து அவர் கையில் கொடுத்தது. ஒருவர் மனசும் புண்படவில்லை.

சென்ற வாரம் நான் மீன் ஆய்ந்து கொண்டிருந்தேன். பின்னால் வந்து நின்றாள் பேத்தி.

"அப்பாயி, ஒண்ணு சொல்லட்டுமா?"

எனக்கு நெஞ்சு திக்கென்றது. கையைக் கழுவி விட்டு அவள் எதிரில் உட்கார்ந்தேன். "சொல்லு கண்ணு" என்றேன்.

பக்கத்துப் பெஞ்சுப் பெண் அவளுடைய புதுப் பென்சிலை முறித்து விட்டாளாம்! அதை அரை மணி நேரம் சொன்னாள். மீனைப் பூனை இழுத்துப் போயிற்று. போனால் போகட்டும் என்று நான் முழுசாகக் கேட்டேன். பென்சில் முறிந்ததைக் கேட்கப் பொறுமை உள்ளவர்களிடம்தானே, பெரிதாக ஒன்று முறிந்தாலும் குழந்தை வந்து சொல்லும்?

இன்று மாலை உங்கள் குழந்தையும் பள்ளி விட்டு வந்து, "அம்மா, ஒண்ணு சொல்லட்டுமா?" என்று கேட்கலாம். கை வேலையைக் கொஞ்சம் நிறுத்தி விட்டுக் கேளுங்கள். கேட்பீர்கள் அல்லவா?